சொல்லக் கூசும் நோய்

மனித உடலின் உறுப்புகளுக்கெல்லாம் நம் முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஈரல், மண்ணீரல், குண்டிக்காய் என்று வீட்டில் கூசாமல் வழங்கும் பெயர்கள் அவை. ஆடவர்க்கு மட்டுமே வாய்த்த ஒரு சிறு சுரப்பிக்கோ அடுக்களையிலும் திண்ணையிலும் வழங்கும் பெயர் எதுவும் கிடையாது. சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர் வடியும் குழலைச் சுற்றி, ஓர் அக்ரூட் கொட்டையின் அளவில் அது அமைந்திருக்கிறது. 'முன்னே நிற்பவன்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து மேனாட்டார் அதற்குப் பெயரிட்டனர். அதனை அடியொற்றி இலங்கைத் தமிழில் 'முன்னிற்கும் சுரப்பி' என்று அழகாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். நம் பத்திரிகைகள் புரோஸ்டேட் என்றே எழுதுகின்றன. எங்கள் சாலைக் கடைத்தெருவில் 'அந்த இடத்துக் கோளாறு' என்பார்கள். சற்றுத் துணிந்தவர்கள் 'மூத்திரக் கோளாறு' என்பார்கள். அதற்குமேல் பேச்சு நகராது.

கம்பனையும் பாரதியையும் பற்றிய கட்டுரைகளுக்கு நடுவே இது என்ன பேச்சு என்று அன்பர்கள் முகஞ்சுளிக்கலாம். சங்கத்தின் மாதக் கூட்டத்திலே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் பெரியவர்களில் எத்தனை பேர் சொற்பொழிவின் நடுவே இருமுறை எழுந்து வெளியே போய் வருகிறார்கள் என்பதைக் கவனித்தவர்கள் என்னை மன்னிப்பார்கள் என்று நம்புகிறேன்.

என் தந்தையார் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தபோது அதனை யாரும் புலம்பெயர்வு என்று சொல்லவில்லை. ஒரே சமஸ்தானத்தின் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வந்தார், அவ்வளவே. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாங்கள் இருந்த வீட்டிலேயே இருந்துகொண்டு அயல் மாநிலத்தார் ஆனோம். கிழக்கேகோட்டைக்கு அருகில் அந்த வீடு இன்றும் இருக்கிறது. பத்மதீர்த்தக் கரையிலுள்ள மேத்தன் மணியின் இரண்டு ஆட்டுக்கடாக்கள் மணிக்கு மணி அந்தத் தாடிக்காரன் கன்னத்தில் முட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் எனக்கு வாய்த்த வேலை வேறொன்று. அது துவிபாஷி வேலை.

அதனைச் சற்று விளக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி 1951-இல் இந்நகரில் தொடங்கப்பெற்றது. அதன் வளாகத்திலேயே 1981-இல் வட்டாரப் புற்றுநோய் மையம் எழுந்தது. டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் அதன் முதல் இயக்குநர். 2021-இல் மறைந்த அவரை இந்நகரத்தார் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். அந்த மையத்துக்கு வருவோரில் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழர் ஏராளம். விடியற்காலையில் தம்பானூரில் இறங்கி, பழவங்காடிக் கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, கிழக்கேகோட்டையில் மெடிக்கல் காலேஜ் பஸ்ஸுக்காக நிற்பார்கள். எக்ஸ்ரே படத்தின் பெரிய பழுப்பு உறையைக் கண்டால் நான் தெரிந்துகொள்வேன். சாலைக் கடைக்காரர்களுக்கு ஊரிலிருந்து உறவினர் இப்படி வருவதுண்டு. வருபவரோடு துணைக்குப் போக என்னை அனுப்புவார்கள்.

தமிழும் மலையாளமும் சகோதரிகள் என்று மேடையில் பேசுவது எளிது. சகோதரிகளுக்குள் எவ்வளவு குழப்பம் நேரும் என்பதை மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும். "மூத்ரம் ஒழிக்கான் புத்திமுட்டுண்டோ?" என்று மருத்துவர் வினவுவார். புத்திமுட்டு என்பது மலையாளத்தில் சிரமம் என்ற அளவிலான எளிய சொல். திசையன்விளைப் பெரியவர் தம் புத்திக்கு என்ன முட்டு வந்தது என்று திகைத்து என் முகத்தைப் பார்ப்பார். "வேதன உண்டோ?" என்றால் வலிக்கிறதா என்று பொருள். "வேதனைக்கு என்னய்யா குறைச்சல், கட்டிக்கொடுக்க மூணு பொம்பளைப் பிள்ளைங்க இருக்கு" என்று ஒருவர் விடை பகர்ந்தார். மருத்துவரும் சிரித்துவிட்டார்.

இவையெல்லாம் சிரித்துத் தீர்க்கக்கூடியவை. தீராத சிக்கல் ஒன்று உண்டு. இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், சிறுநீர் தடையின்றி வருகிறதா, இரத்தம் கலந்திருக்கிறதா என்று கேட்கும்போது பக்கத்தில் மருமகள் நிற்பாள். பெரியவர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்பார். அந்த 'இல்லை'யை நான் எந்த மொழியில் பெயர்த்தாலும் பொய்யாகவே போய்ச் சேரும். நாளடைவில் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். உள்ளே நுழையுமுன் மருமகளைச் சீட்டு வரிசைக்கு அனுப்பிவிடுவேன்.

சாலையில் வற்றல், மல்லி, புளி மொத்த வியாபாரம் செய்துவந்த அண்ணாச்சி ஒருவர் எனக்கு நாற்பதாண்டு நண்பர். தென்காசிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் கடைப் பையனாக வந்து கடை முதலாளியானவர். 2017-ஆம் ஆண்டு முழுவதும் அவருக்கு இடுப்புவலி. மூட்டை தூக்கிய உடம்பு, வாதம் என்றார்கள். தைலம் தேய்த்தார், கிழி கட்டினார், பெல்ட் அணிந்தார். இரவில் ஆறேழு முறை எழுந்திருப்பதை எவரிடமும் சொல்லவில்லை. வயது எழுபத்து மூன்றாகிவிட்டது, இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று தமக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொண்டார். 2018 தொடக்கத்தில் சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொண்டு, நள்ளிரவில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் ஒருவர் இரத்தத்தைச் சோதித்தார். பி.எஸ்.ஏ. என்னும் பொருள் நான்குக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அண்ணாச்சிக்கு 412. எலும்புப் படத்தில் இடுப்பிலும் முதுகெலும்பிலும் கறுப்புப் புள்ளிகள்.

மதினி என்னைத் தனியே அழைத்து, "முன்னாலயே பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமா தம்பி?" என்று கேட்டார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் அதற்கு விடை கூற இயலாது. நான் பல மாதம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைக் கூடியவரை சுருக்கிச் சொல்கிறேன்.

நோய்க்குறி தோன்றுமுன்பே நலமாயிருப்போரைச் சோதித்து நோயைக் கண்டுபிடிப்பதில் இந்தத் திருவனந்தபுரத்துக்கு உலகப் புகழ் உண்டு. நம்மில் பலர் இதனை அறியார். 1996-இல் தொடங்கி இம்மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் ஏறக்குறைய 1,90,000 பேரைக் கொண்டு ஒரு மாபெரும் ஆய்வு நடந்தது. ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மற்ற ஆறில் வழக்கமான மருத்துவம் மட்டுமே. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் போதுமானதாயிருந்தது. புகையிலையும் மதுவும் பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்திருந்த எத்தனையோ பாட்டிமார், தாத்தாமார் அந்தக் கண்களால் பிழைத்திருக்கிறார்கள்.

வாயைத் திறந்து பார்ப்பதுபோல் இச்சுரப்பியைப் பார்க்க முடியாது. மருத்துவர் கையுறை அணிந்து ஆசனவாய் வழியே விரலால் தடவிப் பார்க்கலாம். அதற்கு நம்மவர் இசைவது அரிது. ஆகவே இரத்தச் சோதனை வந்தது. சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம் சிறிதளவு இரத்தத்தில் கசிகிறது. சுரப்பியில் புற்று இருந்தால் அதிகம் கசியும். வயதினால் சுரப்பி பருத்தாலும் கசியும். கிருமி தொற்றினாலும், சிறுநீர்க் குழாய் செருகியிருந்தாலும் கசியும். நான்குக்கும் பத்துக்கும் இடைப்பட்ட எண் வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே சதைச் சோதனையில் புற்று தென்படுகிறது. குறைந்த எண் வந்தவருக்கும் நோய் இல்லையென்று சத்தியம் செய்ய முடியாது.

இன்னுமொரு விசித்திரம் உண்டு. வேறு காரணங்களால் முதுமையில் இறந்தவர்களின் உடலைச் சோதித்தால் பலரிடம் இப்புற்று இருக்கக் காண்கிறார்கள். இருந்தது தெரியாமலேயே வாழ்ந்து முடித்தவர்கள் அவர்கள். வீட்டுப் பரணில் ஒரு பாம்பு குடியிருந்து, அது எவரையும் தீண்டாமல் முப்பதாண்டு கழிந்ததுபோல. சில பாம்புகள் தீண்டாதவை, சில அண்ணாச்சியைத் தீண்டியவை. எது எதுவென்று இரத்த எண் மட்டும் சொல்லாது.

ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 55 முதல் 69 வயது வரையான ஆடவரைக் கொண்டு நடந்த பேராய்வின் முடிவு 2009-இல் வெளியாயிற்று. ஒருவர் இந்நோயால் சாகாமல் காக்க 1,410 பேரைச் சோதனைக்கு அழைத்து, கூடுதலாக 48 பேருக்கு நோயென்று கண்டு மருத்துவம் செய்ய வேண்டியிருந்தது. கணக்கைக் கேட்ட உலகம் திகைத்தது. அமெரிக்காவில் 2012-இல் இந்தச் சோதனையே வேண்டாமென்று ஓர் அரசுக் குழு அறிவித்தது. 2018-இல் அக்குழுவே, 55 முதல் 69 வரை மருத்துவரோடு கலந்து அவரவர் முடிவு செய்க, எழுபதுக்குமேல் வேண்டாம் என்று திருத்திக்கொண்டது. ஐரோப்பிய ஆய்வின் 23 ஆண்டுக் கணக்கு 2025-இல் வந்தது. காலம் நீள நீளப் பயன் கூடியிருக்கிறது. 456 பேரை அழைத்தால் ஒரு சாவு தவிர்க்கப்படுகிறது. கூடுதலாக நோய் காணப்படுவோர் 12 பேர். அந்த ஒருவராக நாம் இருந்தால் இதைவிட வேறு பேறில்லை. எஞ்சிய பதினொருவரில் ஒருவராக இருந்தால், தேவையற்ற அறுவைக்குப் பின் ஆயுள் முழுதும் நனைந்த துணியோடு திரிய நேரலாம். நம் நாட்டில் அரசு 2016-இல் வகுத்த பொதுப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றும் இருக்கின்றன; இது இல்லை. தில்லி, கொல்கத்தா, புனே, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களில் ஆடவர் புற்றுநோய்களில் இது இரண்டாமிடம் வகிப்பதாக 2014-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டிருந்தும் இதுவே நிலை.

மதினிக்கு நான் இவ்வளவையும் சொல்லவில்லை. "அறுபதுல பார்த்திருந்தா ஒருவேளை தெரிஞ்சிருக்கும் மதினி" என்றேன். 'ஒருவேளை' என்ற சொல்லை அவர் நெடுநேரம் யோசித்தார்.

என் கதையும் இதில் சிறிது கலந்திருக்கிறது. அண்ணாச்சியோடு நடந்து நடந்து எனக்கும் ஓர் எண்ணம் பிறந்தது. 2020 ஜனவரியில் பத்மநாப சுவாமி கோயிலில் ஆறாண்டுக்கு ஒருமுறை வரும் லட்சதீபம் நடந்தது. அந்தக் கூட்டம் கலைந்த சில வாரங்களில் நான் இரத்தம் கொடுத்தேன். எனக்கு அப்போது வயது அறுபத்தாறு. எண் 6.8 என்று வந்தது. கிருமித்தொற்று இல்லையென்று உறுதி செய்து மறுபடி பார்ப்பதற்குள் மார்ச் மாதம் ஊரடங்கு வந்துவிட்டது. களியக்காவிளை எல்லை அடைபட்டது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸும் இல்லை, ஆளும் இல்லை. என் எண்ணோடு நான் வீட்டில் இருந்தேன். அந்த மாதங்களில் உடலின் ஒவ்வோர் அசைவும் ஒரு செய்தியாகத் தோன்றியது. ஆகஸ்டில் ஸ்கேன் எடுத்து, பன்னிரண்டு இடங்களில் ஊசியால் சதையெடுத்துப் பார்த்தார்கள். இரண்டு துணுக்குகளில் புற்று இருந்தது.

டொனால்டு கிளீசன் என்னும் அமெரிக்க நோய்க்கூற்றியலார் 1966-இல் வகுத்த அளவுகோலால் இப்புற்றின் கடுமையை இன்றும் அளக்கிறார்கள். எனக்கு வந்தது மூன்றும் மூன்றும் ஆறு. இந்நாளில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் தரங்களில் மிகச் சாதுவானது அது. அதைப் புற்று என்றே சொல்லலாமா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. சாதுவோ அல்லவோ, அறிக்கைத் தாளில் அச்சொல் அச்சாகியிருந்தது. பெங்களூரிலிருக்கும் என் மகன், "அப்பா, உடனே எடுத்துவிடுங்கள்" என்றான். மகளோ தொலைபேசியில் அழுதாள். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் சாமி விளக்கில் எண்ணெய் ஊற்றினாள்.

மருத்துவர் இளைஞர், பொறுமைசாலி. பிரிட்டனில் 1,643 பேரை மூன்று குழுவாக்கி, ஒரு சாராருக்கு அறுவை, ஒரு சாராருக்குக் கதிர்வீச்சு, ஒரு சாராரை விழிப்போடு கண்காணித்தல் என்று பதினைந்தாண்டு பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னார். அந்த முடிவு முழுமையாக வெளிவந்தது 2023-இல். பத்தாண்டுக் கணக்கு அதற்கு முன்பே வந்திருந்தது. மூன்று குழுவிலும் இந்நோயால் இறந்தவர் நூற்றுக்கு மூவர் அளவே. நோய் பரவியவர்கள் கண்காணிப்புக் குழுவில் ஏறக்குறைய இருமடங்கு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீர் கசிவும் ஆண்மைக் குறைவும் அறுவைக் குழுவில் மிகுதி. "சாருக்கு உறக்கம் வருமென்றால் காத்திருக்கலாம், உறக்கம் வராதென்றால் எடுத்துவிடலாம்" என்றார் அவர். நான் கேட்ட மருத்துவ உரைகளிலேயே நேர்மையானது அதுதான்.

நான் காத்திருக்கத் தீர்மானித்தேன். மகனுக்கு இது பிடிக்கவில்லை. கையில் திருடனைப் பிடித்து வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் ஒப்படைக்காமல் அவனுக்குச் சோறு போடுகிறீர்களே என்றான். ஆறு மாதத்துக்கொருமுறை இரத்தம், இடையிடையே ஸ்கேன், இருமுறை மறுபடியும் சதைச் சோதனை என்று திருடனைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆறு மாத இரத்தம் கொடுக்கும் வாரத்தில் நான் வீட்டில் நல்ல மனிதனாக இருப்பதில்லை என்று என் மனைவி சொல்கிறாள். அது உண்மைதான். இப்படியொரு நோயோடு வாழ்வது என்பது உடலுக்கு ஒன்றும் இல்லை. அந்த வாரத்துக்கு மட்டும் மனத்தில் ஒரு கல் வந்து உட்காரும். முடிவு வந்ததும் எழுந்து போய்விடும்.

அண்ணாச்சிக்கு அந்தச் சலுகை இல்லை. அவருக்கு நோய் எலும்பில் இருந்தது. ஆண்மை இயக்குநீரே இப்புற்றுக்குத் தீனி என்பதைச் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் நிலைநாட்டினார்; 1966-இல் நோபல் பரிசு பெற்றார். அத்தீனியை நிறுத்துவதே இன்றும் முதல் மருத்துவம். அதற்கு இரண்டு வழிகள். மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டே இருக்கலாம். அல்லது ஒரே நாளில் சிறிய அறுவையால் விதைகளை நீக்கிவிடலாம். பலன் ஏறக்குறைய ஒன்றே. ஊசிக்கு வாழ்நாள் முழுவதும் செலவு, அறுவைக்கு ஒருமுறைச் செலவு. நம் நாட்டில் ஏழைகள் பலர் அறுவையைத் தேர்ந்தெடுப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

அண்ணாச்சிக்குப் பணத்தட்டு இல்லை. ஆயினும் வியாபாரி. திரும்பத் திரும்ப வரும் செலவு அவருக்கு ஆகாது. இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னிடம் வந்தார். "எழுபத்து நாலு வயசுல இனி அது எனக்கு எதுக்கு தம்பி? எடுத்துரட்டும். ஆனா இது உமக்கும் எனக்கும் அவளுக்கும் தெரிஞ்சாப் போதும். கடைத்தெருவுக்குத் தெரியக்கூடாது, பயலுகளுக்கும் தெரியக்கூடாது." மூன்று மகன்களுக்கும் முதுகுத்தண்டுத் தேய்மானம் என்று சொல்லப்பட்டது. மூத்தவர் மஸ்கட்டில், அடுத்தவர் ஷார்ஜாவில், இளையவர் திருப்பூரில். தென்காசியிலிருந்து தகப்பன் வந்த தூரத்தைவிட நெடுந்தூரம் போனவர்கள்.

இந்த மறைத்தலில் அண்ணாச்சிக்குப் பெரிய கூட்டாளி ஒருவர் இருந்தார். பிரான்ஸ் நாட்டின் அதிபர் பிரான்சுவா மித்தரான் 1981-இல் பதவியேற்ற சில மாதங்களிலேயே அவருக்கு இந்நோய் எலும்பு வரை பரவியிருப்பது தெரிந்தது. உடல்நிலை பற்றி ஆறு மாதத்துக்கொருமுறை நாட்டுக்கு அறிக்கை தருவதாக வாக்களித்தவர் அவர். அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் நோய் மட்டும் இல்லை. 1992 வரை ஒரு நாடே அறியாது. இரு முறை அதிபராக இருந்து 1996-இல் இறந்தார். அதற்கு நேர்மாறாக நெல்சன் மண்டேலா 2001-இல் தம் எண்பத்து மூன்றாம் வயதில் இந்நோயையும் கதிர்வீச்சு மருத்துவத்தையும் உலகறியச் செய்தார். அதன்பின் பன்னிரண்டாண்டு வாழ்ந்தார். சிறையில் இருபத்தேழாண்டு கழித்தவருக்கு இதைச் சொல்வதில் என்ன கூச்சம் இருந்திருக்க முடியும்?

அறுவைக்குப் பின் ஒரு மாதத்தில் அண்ணாச்சியின் முதுகுவலி வியக்கத்தக்கவாறு தணிந்தது. எண் 412-லிருந்து இரண்டுக்கு இறங்கியது. வேறு தொல்லைகள் தொடங்கின. நடுப்பகலில் திடீரென்று உடம்புக்குள் அடுப்பு மூட்டினாற்போல் வெப்பம் எழும்பும்; சட்டை நனைந்துவிடும்; அடுத்த நிமிடம் குளிரும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் ஒருநாள் எழுந்துபோய் மல்லி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பயந்துபோய் மதினியிடம் சொல்ல, மதினி சிரித்துவிட்டார். "எனக்கு நாப்பத்தெட்டு வயசுல வந்துச்சு. உங்களுக்கு எழுபத்து நாலுல வந்திருக்கு. ரெண்டு வருசம் நான் சட்டி பானையோட பட்ட பாடு உங்களுக்கு அப்ப தெரியல." மருத்துவர் பின்னர் விளக்கியதும் அதுவேதான். இயக்குநீர் வற்றும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் வரும் வெப்பம் ஒன்றே.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு மாற்றம் நிகழ்ந்ததை நான் கண்டேன். ஐம்பதாண்டு இல்லறத்தில் பேசாதவற்றையெல்லாம் அவ்விருவரும் பேசத் தொடங்கினார்கள். இரவு விசிறிக்குப் பக்கத்தில் யார் படுப்பது என்பது முதல் வழக்காயிற்று. மதினி தமக்கு அந்நாளில் கைகண்ட உபாயங்களைச் சொன்னார்: தலையணைக்கருகே பருத்தித் துண்டு, இரவில் காப்பியும் காரமும் கூடாது. எலும்பு நொய்ந்துவிடும், தசை கரைந்துவிடும், நடக்க வேண்டும், சிறிது பளுவும் தூக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால், அண்ணாச்சி விடியலில் புத்தரிக்கண்டம் மைதானத்தைச் சுற்றுவார். திரும்பி வந்து இரண்டு கிலோ எடைக்கல் இரண்டைக் கையிலெடுத்து இருபதுமுறை தூக்குவார். முத்திரை குத்திய இரும்பு எடைக்கல் இதற்காவது பயன்படுகிறதே என்பார். கடையில் மின்தராசு வந்து பல ஆண்டு ஆகியிருந்தது.

மூன்றாண்டு இப்படிச் சென்றது. 2021-இல் எண் மறுபடி ஏறிற்று. மாத்திரைகள் சேர்த்தார்கள், ஓராண்டு தாங்கின. இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதுகெலும்பில் இந்நோய் உள்ளவருக்குக் கால்கள் வலுவிழந்தாலோ மரத்தாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாடிழந்தாலோ, நாளை பார்க்கலாம் என்றிருக்கக் கூடாது. அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்டுவடம் நசுங்கிவிட்டால் இழந்த கால் திரும்பாது. அண்ணாச்சிக்கு ஒரு மாலை இடதுகால் தடுமாறியதும் மதினி கடையை அடைக்கச் சொல்லிவிட்டு வண்டி வரவழைத்தார். கதிர்வீச்சு கொடுத்தார்கள், கடைசிவரை தம் காலால் கழிப்பறைக்குப் போய் வந்தார். ஆடவர்க்கு அது எத்தனை பெரிய கௌரவம் என்பதை நோயாளிகளோடு இருந்தவர்கள் அறிவார்கள்.

இறுதி மாதங்களில் வலிக்கு மார்பின் தந்தார்கள். இந்தியாவில் இம்மருந்து நெடுங்காலம் பூட்டுக்குள் இருந்தது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் மருந்துக்கடைகளே அஞ்சின. 2014-இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. கேரளம் அதற்கு முன்பே விழித்துக்கொண்டது. கோழிக்கோட்டில் 1993-இல் வலிநிவாரணச் சங்கம் ஒன்று தோன்றிற்று. அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்னும் அமைப்பை நிறுவினார். 2008-இல் மாநில அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. இங்கே செவிலியர் வீடு தேடி வருவது அதனால்தான். அண்ணாச்சி வீட்டுக்கு வந்த செவிலிப்பெண் நெய்யாற்றின்கரைக்காரி. "வேதன உண்டோ அச்சா?" என்று கேட்டாள். அண்ணாச்சி என்னைப் பார்க்காமலே, "கொறச்சு" என்று மலையாளத்தில் விடையிறுத்தார். அறுபதாண்டு வியாபாரத்தில் அவர் மலையாளம் கற்காமலா இருப்பார்? வலியை அம்மொழியில் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

2023 சித்திரையில் அவர் காலமானார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாலை மூன்று மகன்களும் முற்றத்தில் அமர்ந்திருந்தார்கள். மறுநாள் இருவருக்கு விமானம். தகப்பனுக்கு இந்நோய் இருந்தால் மகனுக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு என்பதையும், அப்படிப்பட்டவர்கள் நாற்பத்தைந்து வயது முதலே மருத்துவரைக் கண்டு சோதனையைப் பற்றிப் பேச வேண்டுமென்பதையும் நான் முன்பே மதினியிடம் சொல்லியிருந்தேன். அண்ணாச்சிக்குக் கொடுத்த வாக்கு என்னைக் கட்டியிருந்தது. மதினி என்னை அழைத்து, "நீங்க வாத்தியாரு, பக்குவமாச் சொல்லுவீங்க. நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அதற்குள் அவரே பேசத் தொடங்கிவிட்டார்.

"அப்பாவுக்கு முதுகுத் தேய்மானம் இல்லப்பா. ஒண்ணுக்குப் போற இடத்துல, உள்ள, ஒரு சுரப்பி இருக்கு. ஆம்பளைகளுக்கு மட்டும் இருக்கிறது. அதுல புத்து. எலும்புக்கு வந்துட்டு. விதையை எடுத்து அஞ்சு வருசம் காப்பாத்துனாங்க. உங்களுக்கும் வரலாம்னு சொல்லுதாங்க. ரத்தம் குடுத்துப் பாருங்க. எண்ணு ஏறியிருந்தா உடனே வெட்டணும்னு இல்ல, இந்தா வாத்தியாரு மாமா அதை வச்சுக்கிட்டுத்தான் மூணு வருசமா இருக்காரு."

என் செய்தியும் அவ்வாறே முற்றத்தில் வெளியாயிற்று. மகன்கள் தலைநிமிரவில்லை. அவர்கள் மனைவியர் அடுக்களை வாசலில் நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. சிறிது நேரங்கழித்து மூத்த மருமகள்தான், "எத்தனை வயசுல பார்க்கணும் மாமா?" என்று என்னைக் கேட்டாள். அவள் கணவனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

மஸ்கட்டுக்குப் போன அடுத்த மாதம் அவர் சோதித்துக்கொண்டார், எண் 1.3. இளையவர் திருப்பூரில் பார்த்துவிட்டார், அவருக்கும் பயமில்லை. ஷார்ஜாவிலிருப்பவர் இன்னும் பார்க்கவில்லை. விடுமுறை கிடைக்கட்டும் என்கிறார். மதினி ஞாயிறுதோறும் தொலைபேசியில் சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, "ரத்தம் பார்த்தியா?" என்று கேட்டுவருகிறார்.